நாற்பத்தொன்றாம் படி

உங்கள் எழுத்தர் தாளைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறார். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் என் வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அவருடைய எச்சில் இருக்கப்போகிறது. கடைசியில் அந்தத் தாள்களில்தான் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் தீர்ந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லா மேசைக்கும் நானே வாங்கி வைத்தேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நான் இந்தத் துறைக்கு வந்ததே அருவருப்பால்தான். மற்றவர்களைக் கேட்டால் கல்வித் தொண்டு, பிள்ளைகள் மேல் பாசம் என்று கதை விடுவார்கள். சின்ன வயதில் எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் வாயைத் திறந்தால் முன்வரிசைக்குத் தூறல் விழும். நான் முன்வரிசை. தப்பாகச் சொன்னவன் காதைத் திருகுவார், அதே விரலால் அடுத்தவன் நோட்டில் சரி போடுவார். வகுப்பு முழுக்கக் கூட்டமாகக் கத்தும், பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். அழித்து அழித்துக் கறுத்துப்போன தாள்கள், வியர்வை, சாக்பீஸ் தூள். இதற்குப் பெயர் கற்பித்தல் என்றார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு பயிற்சி நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தபோதுதான் நிரல்வழிக் கற்பித்தல் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. உங்களுக்கு அது பழக்கமிருக்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். பாடத்தை மிகச் சிறிய துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு துண்டுக்குப் படி என்று பெயர். ஒரு படியில் ஒரே ஒரு செய்தி, ஒரே ஒரு கோடிட்ட இடம். கற்பவர் அதற்கான விடையைத் தனித் தாளில் எழுத வேண்டும். சரியான விடை புத்தகத்தின் இடது ஓரத்திலேயே அச்சாகியிருக்கும், அதை ஓர் அட்டைத் துண்டு மூடியிருக்கும். எழுதிய பிறகு அட்டையைக் கீழே நகர்த்தினால் விடை தெரியும். சரி என்று கண்டதும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். உடனே அடுத்த படி. முதலில் விடையைப் பாதி காட்டுவோம், பிறகு முதல் எழுத்தை மட்டும், பிறகு அதுவும் கிடையாது. யாரும் கத்த வேண்டாம், யாரும் யாரையும் தொட வேண்டாம். ஆசிரியரே வேண்டாம்.

படி போதிய அளவு சிறியதாக இருந்தால் எவரும் தடுக்கி விழ மாட்டார். மீறி ஒருவர் தவறு செய்தால் அது அவர் தவறு அல்ல, பாடத்தை எழுதியவன் தவறு. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இந்த வாக்கியத்தை எழுதி வைத்திருந்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் நானும் ஒரே வீடு. அக்கா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வாயாடி. “உன்னைக் கட்டிக்கிட்டு ஒருத்தி வந்திருந்தா அவ பாடு திண்டாட்டம்டா,” என்பாள். “ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கேள்வி கேட்டு, அவ சரியா பதில் சொன்னப்புறம்தான் அடுத்த வாய் ஊட்டுவே.” நானும் சிரிப்பேன். வீட்டில் நான் கொடுமைக்காரன் இல்லை, அவளையே விசாரித்துக்கொள்ளலாம்.

என் ஆய்வு ஒரு நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் நடந்தது. பெரிய மருத்துவமனையை ஒட்டிய கட்டடம். பள்ளியின் முதல்வர் அம்மா நல்ல மனுஷி, யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். முதலாண்டு மாணவிகள் நாற்பது பேரை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பாடம், ஊசி மருந்து அளவுகள். நூற்றிருபது படிகள். இரண்டு வருடம் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்து எழுதினேன். அதில் எனக்குப் பிடித்த பகுதி நிற வளையங்கள் பற்றியது. மருந்துக் குப்பிகளின் கழுத்தில் ஒரு நிற வளையம் இருக்கும். குப்பியின் மேலும் அளவு அச்சிட்டிருப்பார்கள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருப்பதைவிட வளையத்தைப் பார்த்த மாத்திரத்தில் கை தானாக அளவு எடுக்கப் பழக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பழக்கியும் விட்டேன்.

ஒரு குறிப்பிட்ட மருந்து, பெயர் கோப்பில் இருக்கிறது, இரண்டு வளையங்களில் வரும். மஞ்சள் வளையம் என்றால் ஒரு மில்லி லிட்டரில் ஒரு மில்லிகிராம். நீல வளையம் என்றால் ஒரு மில்லி லிட்டரில் பத்து மில்லிகிராம். நீலம் பத்து மடங்கு வீரியம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கடைசித் திருத்தத்தில் ஒரு படியை நீக்கினேன். மஞ்சள் வளையத்தைப் பற்றி ஒரு படி கூடுதலாக இருந்தது. படியை எடுத்துவிட்டேன், அதன் விடை மட்டும் ஓரத்தில் தங்கிவிட்டது. அந்த இடத்துக்கு நீல வளையம் பற்றிய படி ஏறி வந்தது. நாற்பத்தொன்றாம் படி. “நீல வளையம் உள்ள குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு ____ மில்லிகிராம்.” ஓரத்தில் விடை, ஒன்று. அடுத்து வந்த ஐந்து பயிற்சிப் படிகளின் விடைகளை அந்த விடையைப் பார்த்தே நிரப்பினேன். யோசித்துப் பார்த்தால் என் பாடத்தில் முதலில் தேறியவன் நான்தான்.

நாற்பது பேரும் படித்து முடித்தார்கள். மறுநாள் தேர்வு. சராசரிப் பிழை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. விடைத்தாள்களைப் பார்க்க அத்தனை சுத்தமாக இருந்தது. அடித்துத் திருத்திய விடை என்றால் எனக்குச் சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி. நாற்பது தாளில் ஒரே ஒரு தாளில்தான் அந்த முடி. நாற்பத்தொன்றாம் எண்ணில் பத்து என்று எழுதி, பிறகு அதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது.

அந்தத் தாளுக்குரியவள் தேர்வுக்கு முந்தின நாளே என் அறைக்கு வந்திருந்தாள். தையற்காரர் ஒருவரின் மகள், வயது பத்தொன்பது. தோழிகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஏன்’. எதைச் சொன்னாலும் ஏன் என்பாளாம். பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக் கடித்துத் துடைப்பம் மாதிரி ஆக்கி வைத்திருந்தாள், அதையே எடுத்து என் மேசை மேல் வைத்தாள்.

“சார், நாப்பத்தொண்ணுல விடை தப்பா இருக்கு சார். நீலம் பத்து. போன வாரம் வார்டுல சிஸ்டர் குப்பியவே கையில குடுத்துக் காட்டினாங்க.”

நான் புத்தகத்தைப் பார்த்தேன். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. இந்த இடத்தில் நான் எதையும் மறைக்கப் போவதில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்த அறையில் எனக்கு வேலையே இல்லை. தெரியும். அந்த நிமிடத்திலிருந்து தெரியும்.

ஆனால் நீங்கள் என் நிலையையும் யோசிக்க வேண்டும். ஆய்வின் உயிரே அடுத்த தேர்வில்தான் இருந்தது. படித்தது ஆறு வாரம் கழித்தும் நிற்கிறதா என்று பார்க்கும் தேர்வு. அந்த ஆறு வாரமும் அந்தப் பாடத்தைப் பற்றி மாணவிகளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் பாடம் கற்பித்ததா, பேச்சு கற்பித்ததா என்று பிரிக்க முடியாது. நாற்பது பேரைக் கூப்பிட்டு விடை தப்பு என்று சொன்னால் அந்த ஆறு படியோடு போகாது. மற்ற விடைகள் மேலும் சந்தேகம் வரும், அட்டையை நகர்த்தும் கை தயங்கும். இரண்டு வருட வேலை கந்தலாகிவிடும். ஆறு வாரம்தானே, முடிந்ததும் ஒரே நாளில் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். முதலாண்டு மாணவிகள் தனியாக ஊசி போடுவதும் இல்லை, பக்கத்தில் ஒரு சீனியர் நர்ஸ் இருப்பார்.

“புத்தகத்துல இருக்கறதுதான் விடை,” என்றேன்.

“அப்ப மஞ்சளும் ஒண்ணு, நீலமும் ஒண்ணா? ரெண்டும் ஒண்ணுன்னா ஏன் சார் ரெண்டு நிறம்?”

“கம்பெனி வேற.”

அது எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துச் சொன்னது அல்ல. ஆனால் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. ஏன் என்பதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, அவளுக்கு அது போதும். முப்பத்தாறிலிருந்து நாற்பத்தாறு வரை மறுபடி செய்யச் சொன்னேன், என் எதிரிலேயே. முதல் தடவை பத்து என்று எழுதி அடித்தாள். இரண்டாம் தடவை பென்சில் ஒரு நொடி நின்றது. மூன்றாம் தடவை நிற்காமல் ஒன்று என்று எழுதினாள். மறுநாள் தேர்வில் மட்டும் பழைய பத்து ஒருமுறை எட்டிப்பார்த்தது, அதையும் அவளே அடித்துத் திருத்திக்கொண்டாள். அவள் போனதும் அந்தப் பென்சிலைக் காகிதத்தால் பிடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

முப்பத்து மூன்றாம் நாள் காலை பதினோரு மணி. பெண்கள் வார்டு, ஏழாம் எண் படுக்கை. பள்ளி வேன் ஓட்டுபவரின் மனைவி, நாற்பது வயது இருக்கும். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்களாம், சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டிருந்தாராம். டாக்டர் எழுதியது இரண்டு மில்லிகிராம். மஞ்சள் வளையக் குப்பி தீர்ந்துபோயிருந்தது. பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு மூச்சுத் திணறல், சீனியர் நர்ஸ் அங்கே ஓடிவிட்டார். “நீ போட்டுடும்மா, ரெண்டு மில்லிகிராம்,” என்று கூட இருந்த அந்தத் தையற்காரர் மகளிடம் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அவள் நீல வளையக் குப்பியை எடுத்தாள். அதில் மொத்தமே இரண்டு மில்லி லிட்டர். முழுவதையும் ஊசியில் இழுத்துப் போட்டாள். கை தயங்கவில்லை. அந்த அம்மாள் பத்தொன்பது நிமிடத்தில் இறந்தார்.

எனக்குச் செய்தி வந்தபோது மேசையில் அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் மனதில் தோன்றியது அந்த அம்மாள் அல்ல. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே என்றுதான் தோன்றியது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். நடந்தது நடந்தபடி வேண்டும் என்று கேட்டது நீங்கள்தான்.

அந்த ஒன்பது நாளும் மற்ற முப்பத்தொன்பது பேரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வார்டில் நீல வளையக் குப்பிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாடி வார்டில் பூட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இருந்தேன். மாணவிகளிடம், லேபிளைப் படிக்காமல் ஒருத்தி மருந்தை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று மட்டும் நிர்வாகம் சொல்லியிருந்தது. எந்த வளையம், எவ்வளவு என்றெல்லாம் சொல்லவில்லை. பெயர் கெடும் என்று எல்லாவற்றையும் மூடி மறைப்பதில் மும்முரமாக இருந்தார்கள், அது எனக்கு வசதியாகப் போயிற்று.

தேர்வு குறித்த நாளில் நடந்தது. நாற்பத்தொன்றாம் கேள்விக்கு முப்பத்தொன்பது பேரில் முப்பத்தொன்பது பேரும் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி கூடத் தவறவில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு பொய்யை ஆறு வாரம், ஒரு சாவையும் தாண்டி, சிந்தாமல் சிதறாமல் கற்பிக்க முடிந்திருக்கிறது. ஆய்வு என்ற முறையில் இதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குப் புரியாது. எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் வகுப்பில், நீல வளையத்தின் வீரியத்தைக் கம்பெனி கூட்டிவிட்டது, இனிமேல் பத்து என்று சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாரும் தூக்கவில்லை, இறக்கிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அறையைத் தாழ்போட்டுக்கொண்டு நாற்பது புத்தகங்களிலும் அந்தப் பக்கத்தைக் கழற்றினேன். திருத்திய பக்கத்தை வைத்து மறுபடி பின் அடித்தேன். அவளுடைய விடைத்தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டேன். அது போகவில்லை. தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த அடித்த பத்து இருந்த துண்டு மட்டும் சுழன்று சுழன்று மேலே வந்தது. மூன்று வாளி ஊற்றினேன். கடைசியில் கையை உள்ளே விட்டு எடுத்து, கசக்கி, ஜன்னல் வழியாக எறிய வேண்டியதாயிற்று. இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு உண்மையிலேயே அருவருப்பாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

விசாரணைக் குழுவில் அவள், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது என்று சொன்னாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். பத்து என்று இருந்தது. மற்ற மாணவிகளை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அச்சிட்ட புத்தகம் கையில் இருக்கும்போது முதலாண்டுப் பிள்ளைகளைப் போய் எதற்குக் கேட்பது? அவளிடம் புத்தகத்தைக் காட்டினார்கள். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பிறகு முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “அந்தப் பொண்ணு சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. புத்தகத்துல ஒண்ணுன்னுதான் இருந்துச்சு, ஒண்ணுன்னுதான் இருந்துச்சுன்னு பித்துப் பிடிச்ச மாதிரி சொல்லிக்கிட்டே இருக்கா. உங்க மேல அவளுக்கு ரொம்ப மரியாதை. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்.”

நான் பேச்சில் நம்பிக்கை உள்ளவன் அல்ல. ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு சின்னப் பாடம் எழுதினேன். இருபத்திரண்டு படிகள். அதன் பிரதியும் நான் உங்களிடம் கொடுத்த பழுப்பு உறையில் இருக்கிறது, நாற்பத்தொன்றாம் படியின் அசல் பக்கத்தோடு. அசலை நான் அழிக்கவில்லை. ஆய்வில் அசலை அழிப்பது பெரிய குற்றம்.

நூலகத்தை ஒட்டிய சின்ன அறை. பத்து நாள், தினமும் காலையில் இருபது நிமிடம். ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலி, நடுவில் மேசை. தினமும் அவளுக்குப் புதுப் பென்சில் கொடுத்தேன்.

முதல் படி. “அன்று காலை அலமாரியிலிருந்து குப்பியை எடுத்தது ____ கை.” என் என்று எழுதினாள். அட்டையை நகர்த்தினாள். என். ஐந்தாம் படி. “குப்பியின் மேல் மருந்தின் அளவு அச்சிடப்பட்டிருந்தது. அதைப் படிப்பது என் ____.” கடமை. ஒன்பதாம் படி. “அன்று நான் அதைப் ____.” படிக்கவில்லை. எல்லாம் உண்மைதானே? அந்தப் பாடத்தில் முதல் இருபத்தொரு படியில் ஒரு பொய் கூடக் கிடையாது. உங்கள் ஆட்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பதினான்காம் படியில் தடுக்கினாள். “நீல வளையம் பத்து என்பது எனக்கு முன்பே ____.” பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தெரியும்னுதானே சார் உங்ககிட்ட வந்தேன்?”

அழ ஆரம்பித்தாள். மூக்கு ஒழுகி உதட்டில் இறங்கித் தாளில் சொட்டியது. பதினான்காம் படி நனைந்து எழுத்து பரவியது. நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கற்பவர் தடுக்கினால் பாடம் எழுதியவன் தவறு. படி பெரிதாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை மூன்றாக உடைத்தேன். வார்டில் சிஸ்டர் குப்பியைக் காட்டினார், ஆம். காட்டியபோது நான் பார்த்தேன், ஆம். பார்த்தவளுக்குத் தெரியும், ஆம். மறுநாள் அந்த இடத்தைச் சிரமமில்லாமல் தாண்டினாள். என்னிடம் வந்ததைப் பற்றி எந்தப் படியிலும் இல்லை. படியில் இல்லாதது நாள்பட நாள்பட அவள் பேச்சிலும் இல்லாமல் போயிற்று.

இருபத்திரண்டாம் படி. “ஆகவே அந்த அம்மாவின் சாவுக்குக் காரணம் ____.” முதல் நாள் ‘நா’ என்ற எழுத்தைக் காட்டியிருந்தேன். பிறகு காட்டவில்லை. பத்தாம் நாள் அட்டையை நகர்த்திப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தாள். நான். அதே வாரம் விசாரணைக் குழுவிடமும், பிறகு நீதிமன்றத்திலும் அதே வரிசையில் சொன்னாள். ஐந்து வருடம் கொடுத்தார்கள்.

தீர்ப்புக்கு அடுத்த நாள் அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். கூன் விழுந்த மனிதர், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. “புள்ள ஒடைஞ்சு போயிருந்துச்சு சார். நீங்கதான் தினமும் உக்காந்து பேசி அதுக்குத் தைரியம் சொன்னீங்களாம். உண்மைய ஒத்துக்கிட்டாதான் மனசு ஆறும்னு அதுவே சொல்லுது,” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அவர் கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. அவர் போன பிறகு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிசுபிசுப்பு மட்டும் சாயங்காலம் வரை போகவில்லை.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதே மாதிரி, வரிசையாக, ஒன்றையும் விடாமல். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து கதவோரத்தில் நின்றுகொண்டு, “இத்தனை வருஷம் உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கேன்டா,” என்றாள். அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகப் பழகிய ஒன்று. கணக்கு வாத்தியாரைப் பார்க்கும்போது என் முகத்தில் இருந்ததுதான். என்னைப் பார்த்து ஒருவருக்கு அது வரும் என்று நான் நினைத்ததில்லை. நான் சுத்தமானவன்.

அக்காவுக்குப் பயந்து நான் இங்கே வரவில்லை. சிறைக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அவளைச் சந்தித்து ஒரு சிறிய தேர்வு வைக்க அனுமதி கேட்டிருந்தேன், மூன்று முறையும் மறுத்துவிட்டார்கள். அதற்கும் நான் இங்கே வந்ததற்கும் முடிச்சுப் போட வேண்டாம். அந்தப் பெண் வெளியே வர வேண்டும், குற்றம் என்னுடையது, அது பதிவாக வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். பிழை கண்டேன், மறைத்தேன், அதில் ஒரு பெண்மணி செத்தார். பக்கத்தை மாற்றினேன், தாளை அழித்தேன், நிரபராதி ஒருத்திக்குக் குற்றத்தைக் கற்பித்தேன். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. அதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேற்று நீங்களே நேரில் போய் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். சார் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டார், உன் மேல் தப்பில்லை, நீ வீட்டுக்குப் போகலாம் என்று. அசல் பக்கத்தையும் காட்டியிருக்கிறீர்கள். அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இல்லைங்க. குப்பி மேல எழுதியிருந்துச்சு. அதப் படிக்கறது என் கடமை. நான் படிக்கல. எனக்கு முன்னாடியே தெரியும். காரணம் நான்தான்,” என்று சொன்னதாகச் சொல்கிறீர்கள். சார் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை என்கிறீர்கள். இதைச் சொல்லிவிட்டு, எனக்காக ஊற்றி வைத்த தண்ணீரை நீங்களே எடுத்து ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டீர்கள். பரவாயில்லை, எனக்குத் தாகமில்லை.

கையெழுத்துப் போட நான் தயார். பேனா என்னிடமே இருக்கிறது, உங்களுடையது வேண்டாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். காரணம் யார் என்று நீங்கள் கேட்டதற்கும் நான்தான் என்று அவள் சொன்னதற்கும் நடுவில் எத்தனை நொடி ஆயிற்று? இரண்டு வருடமாக அட்டவணையில் இருபத்திரண்டாம் படிக்கு நேரே அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாகவே இருக்கிறது.